வத்தலக்குண்டைக் கடக்கும் வறுமைக் கோடு

தமிழ்நாட்டில் நூறு பேரை நிறுத்தி எண்ணினால் இரண்டு பேருக்குச் சற்று மேல்தான் ஏழைகள். நிதி ஆயோக் 2023-ல் வெளியிட்ட பல பரிமாண வறுமைக் குறியீடு தரும் கணக்கு இது. 2015-16-ல் 4.76 சதவீதமாக இருந்தது, 2019-21-ல் 2.20 ஆகக் குறைந்திருக்கிறது. நாடு முழுவதற்குமான எண் இதே காலத்தில் 24.85-லிருந்து 14.96-க்கு வந்தது. ரேஷன் அரிசி, மதிய உணவு, பெண் கல்வி, ஆரம்ப சுகாதார நிலையம் என்று அரை நூற்றாண்டாக இந்த மாநிலம் போட்ட உழைப்பின் விளைச்சல் அது. குறைத்துப் பேச எதுவுமில்லை.

அந்த 2.20-க்குள் இருப்பவர்கள் யார், எந்த ஊரில், எந்தத் தெருவில் குடியிருக்கிறார்கள் என்று கேட்டால் அந்த எண்ணிடம் பதில் இல்லை. பதில் தேடுவதற்கு வத்தலக்குண்டு தோதான ஊர். கொடைக்கானல் மலையேறும் பேருந்து இங்கே நின்றுதான் போகிறது. செம்பட்டி வழியாகத் திண்டுக்கல், நிலக்கோட்டை வழியாக மதுரை, பெரியகுளம் வழியாகத் தேனி என்று மூன்று மாவட்டத் தலைநகரங்களுக்கும் சாலை பிரிகிறது. பட்டிவீரன்பட்டி தாண்டி தாண்டிக்குடி, பண்ணைக்காடு என்று கீழ்ப்பழனி மலைக்கு இன்னொரு வழி. காப்பியும் மிளகும் மலை வாழையும் இறங்கி வருகின்றன. அரிசியும் மருந்தும் ஏறிப் போகின்றன. வெற்றிலைக் கொடிக்காலில் கிள்ளுகிறவர்கள், விடியுமுன் மல்லிகை பறிக்கப் போகிறவர்கள், தென்னந்தோப்பில் மட்டை உரிப்பவர்கள், சந்தையில் மூட்டை தூக்குபவர்கள் என்று அன்றாடக் கூலியை நம்பிய வாழ்க்கைகள் சந்திக்கும் இடம் இது.

பேருந்து நிலையத்தில் சற்று நேரம் நின்று பாருங்கள். மலையிலிருந்து இறங்குகிற பெண்கள் பலரின் கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், காப்பீட்டு அட்டை, இவை ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று ஜெராக்ஸ். தாலுகா ஆபீசுக்கோ, இ-சேவை மையத்துக்கோ, பெரியாஸ்பத்திரிக்கோ போகிறவர்கள். தான் ஏழை என்று நிரூபிக்க ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருப்பவர்கள். அரசாங்கத்தின் வறுமை ஆராய்ச்சி எல்லாம் கடைசியில் வந்து சேரும் இடம் அந்தக் கவர்தான்.

கோடு போட்டவர்கள்

ஏழை யார் என்று அரசாங்கம் வரையறுக்கத் தொடங்கியது உணவிலிருந்து. அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தில் பணியாற்றிய மோலி ஓர்ஷான்ஸ்கி என்ற பெண் ஆய்வாளர், ஒரு குடும்பத்தின் மிகச் சிக்கனமான உணவுச் செலவைக் கணக்கிட்டு, அதை மூன்றால் பெருக்கி, 1965-ல் ஒரு வருமான அளவைச் சொன்னார். விலைவாசிக்கு ஏற்பத் திருத்தப்பட்டு அந்த அளவுதான் இன்றும் அங்கே அதிகாரபூர்வக் கோடு. ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடு யாருக்கு என்பது வரை அதை ஒட்டியே முடிவாகிறது. இந்தியாவில் 1979-ல் ஒய்.கே. அலக் தலைமையிலான திட்டக்குழுப் பணிக்குழு கலோரியைப் பிடித்தது: கிராமத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2,400, நகரத்தில் 2,100. அந்த உணவை வாங்க எவ்வளவு செலவாகுமோ அது வறுமைக் கோடு.

பிறகு 2009-ல் டெண்டுல்கர் குழு முறையை மாற்றியது. அதன்படி 2011-12-க்குக் கிராமத்தில் மாதம் 816 ரூபாய், நகரத்தில் 1,000 ரூபாய். நாளைக்கு 26 ரூபாய் செலவழித்தால் கிராமத்தில் ஏழையில்லை என்று பொருள்படும் பிரமாணப் பத்திரத்தைத் திட்டக்குழு 2011-ல் உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்தபோது நாடே கொதித்தது. 2014-ல் ரங்கராஜன் குழு 972, 1,407 என்று உயர்த்திச் சொன்னது. அதற்குப் பிறகு இந்திய அரசு அதிகாரபூர்வமான செலவுக் கோடு எதையும் அறிவிக்கவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் பல பரிமாணக் குறியீடு வந்து உட்கார்ந்தது.

இந்தக் குறியீடு முன்னவற்றைவிட மேலானது என்பதே என் கருத்து. சத்துணவு, தாய் சேய் நலம், பள்ளிப் படிப்பு, சமையல் எரிபொருள், கழிப்பறை, குடிநீர், மின்சாரம், வீடு, வங்கிக் கணக்கு என்று 12 அம்சங்களைப் பார்க்கிறது. வாழ்க்கையை வெறும் கலோரியாகச் சுருக்கவில்லை. ஆனால் அந்தப் பன்னிரண்டில் கூலி இல்லை. கடன் இல்லை. மருத்துவத்துக்குக் கைவிட்டுப் போன காசு இல்லை. சத்துக் குறைவைக் குழந்தைகளிடமும், 15 முதல் 49 வயதுப் பெண்களிடமும், 54 வயது வரையிலான ஆண்களிடமும்தான் அது தேடுகிறது. தனியாக வாழும் எழுபது வயதுப் பாட்டி ஒரு வேளைதான் சாப்பிடுகிறாள் என்றால் அந்தப் பசி அதில் பதிவாகாது.

இன்னொன்றும் உண்டு. இதற்கு அடிப்படை தேசியக் குடும்ப நல ஆய்வு. ஐந்தாவது சுற்றில் தமிழ்நாடு முழுவதற்கும் எடுத்த மாதிரி ஏறத்தாழ 28,000 வீடுகள். மாநிலம் எந்தப் பக்கம் போகிறது என்று சொல்ல அது தாராளமாகப் போதும். தாண்டிக்குடிக்கு மேலே ஒரு பளியர் பழங்குடிக் குடியிருப்பில் என்ன நிலை என்று சொல்ல அதனால் முடியாது. அதைச் சொல்வதற்காகச் செய்யப்பட்ட ஆய்வும் அல்ல அது. குறை ஆய்வில் இல்லை. மாநில அளவில் எடுத்த எண்ணைத் தெரு அளவில் முடிவெடுக்கப் பயன்படுத்தும்போதுதான் தவறு நேர்கிறது.

ஆத்தூர் பக்கம் நடந்தது

வேறு வகையான ஆராய்ச்சி ஒன்று இதே மண்ணில் நடந்திருக்கிறது. வத்தலக்குண்டிலிருந்து செம்பட்டி வழியாகப் போனால் ஆத்தூர் ஒன்றியம் (சேலத்து ஆத்தூரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்). அங்கே சின்னாளப்பட்டிக்கு அருகில், 1947-ல் டாக்டர் டி.எஸ். சௌந்தரமும் கோ. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகளான சௌந்தரம் மருத்துவம் படித்துவிட்டு நகரத்தில் தொழில் நடத்தாமல் கிராமத்துக்கு வந்தவர். 1962-ல் திண்டுக்கல் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்று மத்தியக் கல்வித் துறைத் துணை அமைச்சராகவும் இருந்தார்.

1959-ல் காந்திகிராமத்தில் ஒரு முன்னோடி சுகாதாரத் திட்டம் தொடங்கியது. 1964-ல் அதிலிருந்து கிராம சுகாதார, குடும்ப நல நிறுவனம் உருவானது. ஆத்தூர் ஒன்றியத்தையே அவர்கள் ஆய்வுக்களமாக எடுத்துக்கொண்டார்கள். செவிலியர் வீடு வீடாகப் போனார். யார் கர்ப்பம், எந்தக் குழந்தை எப்போது பிறந்தது, எது இறந்தது என்று பதிவேடு வைத்தார். ஊரில் யார் பேச்சுக்கு மதிப்பு உண்டோ அவர்களைப் பிடித்துப் பேச வைத்தார்கள். ஒரு செவிலியர் பார்க்க வேண்டிய மக்கள்தொகையைக் குறைத்தார்கள். 1959-ல் ஆயிரம் பேருக்கு 43 என்ற அளவில் இருந்த பிறப்பு விகிதம் 1968-ல் 28 அளவுக்கு இறங்கியது. ‘ஆத்தூர் அனுபவம்’ என்ற பெயரில் உலகக் குடும்ப நல ஆய்வாளர்கள் இதைப் படித்தார்கள்.

குடும்பக் கட்டுப்பாட்டு வரலாற்றில் பிற்பாடு, குறிப்பாக நெருக்கடி நிலைக் காலத்தில், இலக்கு வைத்து ஆள் பிடித்த கொடுமையை நாம் மறக்கக் கூடாது. அதனாலேயே ஆத்தூரின் முறையை நினைவில் வைக்க வேண்டும். அங்கே கணக்கெடுக்க வந்தவர் கணக்கோடு போய்விடவில்லை. அடுத்த வாரம் மருந்தோடு திரும்பி வந்தார்.

இரண்டாவது கதை இன்னும் முக்கியமானது. 1970-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டு ஊட்டச்சத்து நிலை பற்றி அமெரிக்க உதவியோடு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 1973-ல் முடிந்த அந்த ஆய்வு சங்கடமான ஓர் உண்மையைச் சொன்னது: மிக அதிகமாகப் பாதிக்கப்படுவது மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை. அரசாங்கம் போடும் சாப்பாடோ பள்ளிக்கோ பால்வாடிக்கோ நடந்து வரக்கூடிய பெரிய பிள்ளைக்குத்தான் போய்ச் சேருகிறது. இடுப்பில் இருக்கும் குழந்தை விடுபட்டுப் போகிறது.

இதன் அடிப்படையில், உலக வங்கிக் கடனோடு, தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980-ல் தொடங்கியது. முதல் ஒன்றியம் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985-ல்தான். அப்போது வத்தலக்குண்டும் மதுரை மாவட்டம். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தையையும் மாதம் தவறாமல் எடை போட்டார்கள். எடை ஏறவில்லை என்றால் அந்தக் குழந்தைக்கு மட்டும் 90 நாள் சத்துருண்டை. ஏறிவிட்டால் நிறுத்திவிடுவார்கள். தாய்க்கு, எதை எப்போது எப்படி ஊட்டுவது என்று சொல்லிக்கொடுப்பார்கள். இதைச் செய்தவர் அதே ஊர்ப் பெண். தானும் ஏழையாக, ஆனால் பிள்ளைகளை நல்ல ஆரோக்கியத்தோடு வளர்த்தவராகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஏழ்மையிலும் பிள்ளையைத் தேற்ற முடியும் என்பதற்கு அவரே சாட்சி. அவர் பேச்சை மற்ற தாய்மார் கேட்டார்கள். கடுமையான சத்துக் குறைவு மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறைந்தது என்று பின்னர் வந்த மதிப்பீடுகள் சொல்கின்றன. 1990-களின் இறுதியில் இது அங்கன்வாடித் திட்டத்தோடு கலந்துவிட்டது.

எடைத் தராசைப் பிடித்த கையே சத்துருண்டையையும் கொடுத்தது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இதைத்தான். அளப்பதும் உதவுவதும் ஒரே ஆளிடம், ஒரே ஊரில், அடுத்தடுத்த நாளில் நடந்தபோது ஆராய்ச்சி குழந்தையைக் காப்பாற்றியது. யாரும் தாயிடம் வருமானச் சான்றிதழ் கேட்கவில்லை. தராசு முள் காட்டியதே போதுமானதாக இருந்தது.

1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, இப்படி எல்லோருக்கும் போட்டால் பணம் என்னாவது என்று நிபுணர்கள் கேட்டார்கள். ஒரே மாநிலத்தில் ஒரே ஆண்டுகளில் ஒன்று எடை ஏறாத குழந்தையைத் தேடிப் பிடித்தது. மற்றொன்று வந்த பிள்ளைக்கெல்லாம் தட்டு வைத்தது. இரண்டுமே வென்றன, ஏனென்றால் இரண்டும் வாசலில் நின்று ‘நீ ஏழைதானா?’ என்று கேட்கவில்லை. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் அந்த வழியில் வந்ததுதான்.

பேரூராட்சிக்கு நூறு நாள் கிடையாது

தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் 2006 பிப்ரவரியில் தொடங்கியபோது தமிழ்நாட்டில் முதலில் எடுத்துக்கொண்ட ஆறு மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று. பின்தங்கிய மாவட்டம் என்ற ஆய்வுதான் அந்தத் தேர்வுக்குக் காரணம். சரியான தேர்வு. ஆனால் அந்த நூறு நாள் வேலை கிராம ஊராட்சிகளுக்கு மட்டும் என்றிருந்தது. வத்தலக்குண்டு பேரூராட்சி. பட்டிவீரன்பட்டி, அய்யம்பாளையம், சேவுகம்பட்டி எல்லாம் பேரூராட்சிகள். காப்பித் தோட்டத்துக்கு நடுவில் மலைமேல் இருக்கும் பண்ணைக்காடும் பேரூராட்சிதான். சட்டத்தின் கண்ணில் இவை நகர்ப்புறம்.

அய்யம்பாளையத்தில் தென்னந்தோப்பு வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் பக்கத்துக் கிராம ஊராட்சியில் அதே தோப்பு வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் வெயிலும் கூலியும் ஒன்று. ஒருத்திக்கு நூறு நாள் அட்டை கிடைத்தது, மற்றவளுக்குக் கிடைக்கவில்லை. நடுவில் இருப்பது ஒரு வாய்க்கால் அல்லது ஒரு பெயர்ப் பலகை. மாநில அரசுக்கு இந்தச் சிக்கல் தெரியாமல் இல்லை. 2004-ல் பெரும்பாலான பேரூராட்சிகளைச் சிறப்புக் கிராம ஊராட்சிகள் என்று மாற்றி, ஊரக நிதி கிடைக்க வழி தேடியது. 2006-ல் அவற்றைத் திரும்பவும் பேரூராட்சிகளாக்கியது. வேலை உறுதித் திட்டம் வந்ததும் அதே ஆண்டு. கூலிக்காரக் குடும்பங்களைப் பொறுத்தவரை அது மிகத் தவறான நேரத்தில் நடந்த மாற்றம்.

அட்டைக்கு ஒரு கோடு

மருத்துவக் காப்பீட்டுக்கு வருவோம். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. 2012 ஜனவரியில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்து, ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை என்றானது. மத்தியத் திட்டம் தன் பயனாளிகளை 2011-ல் எடுத்த சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பிலிருந்து எடுத்தது. மாநிலத் திட்டத்துக்கு வருமான வரம்பு முன்பு ஆண்டுக்கு 72,000 ரூபாய், இப்போது 1,20,000 ரூபாய்.

இந்த வரம்பை நூறு நாள் வேலைக்கு அரசே அறிவித்த கூலியோடு வைத்துப் பார்ப்போம். 2025-26-க்குத் தமிழ்நாட்டில் அந்தக் கூலி நாளுக்கு 336 ரூபாய். கணவனும் மனைவியும் அந்தக் கூலிக்கு ஆளுக்கு 180 நாள் உழைத்தால் ஆண்டு வருமானம் 1,20,960 ரூபாய். கோட்டைத் தாண்டிவிட்டார்கள். வருஷத்தில் பாதி நாள் மட்டும், அரசு சொன்ன கூலிக்கு மட்டும் உழைத்த ஒரு குடும்பம், காகிதப்படி ஏழைகளுக்கான காப்பீட்டுக்கு உரியதில்லை. நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலர் இதைப் புரிந்துகொண்டு வரம்புக்குள் அடங்கும் தொகையை எழுதிக் கொடுக்கிறார். அவர் செய்வது நியாயம்தான். ஆனால் அந்த நியாயம் சட்டத்திலிருந்து வராமல் அவருடைய நல்ல மனசிலிருந்து வருகிறது. நல்ல மனசு எல்லா ஊரிலும் ஒரே அளவில் இருக்காது. எழுதிக் கொடுக்க ஆள் இல்லாதவர்கள் நின்றுவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் 66.5 சதவீத வீடுகளில் ஒருவருக்காவது ஏதோ ஒரு காப்பீடு இருக்கிறது என்கிறது ஐந்தாவது குடும்ப நல ஆய்வு. நாட்டின் சராசரி 41. நல்ல முன்னணி. ஆனால் காப்பீட்டு அட்டை படுக்கையில் சேர்ந்த பிறகுதான் பேசத் தொடங்கும். சர்க்கரை மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை, காய்ச்சலுக்கு ஊசி, ரத்தப் பரிசோதனை என்று மாதாமாதம் அரிக்கும் செலவில் பெரும்பகுதி அதற்குள் வராது. மதுரைக்குப் போய்வரும் பேருந்துக் கட்டணம் வராது. துணைக்கு வந்தவரின் விட்டுப்போன கூலி வரவே வராது. இந்தியாவில் மருத்துவத்துக்கு ஆகும் மொத்தச் செலவில் மக்கள் கையிலிருந்து போவது 2013-14-ல் 64 சதவீதமாக இருந்து 2021-22-ல் 39.4-க்கு வந்திருப்பதாக தேசிய சுகாதாரக் கணக்கு காட்டுகிறது. அந்த மீதியில் நோயாளி படுக்காமலேயே செய்யும் செலவுதான் ஏழையைக் கடன்காரனாக்குகிறது.

இதற்கு மருந்து என்ன என்று காட்டும் ஆய்வும் நம்மிடம் உண்டு. 2017-ல் சூளகிரி, விராலிமலை, வேப்பூர் ஆகிய மூன்று ஒன்றியங்களில் துணைச் சுகாதார நிலையங்களுக்குச் செவிலியரும் மருந்தும் அடிப்படைப் பரிசோதனையும் கொடுத்துப் பார்த்தார்கள். சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் அதைத் தொடர்ந்து அளந்தார்கள். தனியாரிடம் போய்க்கொண்டிருந்தவர்கள் வீட்டுக்குப் பக்கத்துத் துணை நிலையத்துக்குத் திரும்பி வந்தார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோனது. 2024-ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் அதற்குக் கிடைத்தது. இந்தத் திட்டத்திலும் யாரும் வருமானம் கேட்பதில்லை.

கொடைக்கானல் மலைச்சாலை விபத்துக்களுக்குப் பேர்போனது. 2021 டிசம்பரில் வந்த ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், தமிழ்நாட்டுச் சாலையில் அடிபட்ட எவருக்கும், எந்த மாநிலத்தவராக இருந்தாலும், அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அதே சாலையில் மாரடைப்பு வந்து தனியார் மருத்துவமனைக்குப் போனால் முதல் கேள்வி ‘கார்டு இருக்கா?’ உயிர் என்று பார்த்தால் இரண்டும் ஒன்றே.

நோயாளியை வாசலில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பது இந்த ஊருக்குப் புரியாத விஷயமில்லை. 1884-ல் வத்தலக்குண்டில் பிறந்த விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா சிறையில் தொழுநோயைப் பெற்று வெளியே வந்தார். தொழுநோயாளி என்று சொல்லி அவரை ரயிலில் ஏற விடவில்லை ஆங்கில அரசு. நோயோடு நடந்தும் மாட்டு வண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1925-ல் பாப்பாரப்பட்டியில் இறந்தார். நோய் ஒரு மனிதனை எவ்வளவு தூரம் ஊருக்கு வெளியே தள்ளும் என்று அறிந்த மண் இது.

மலையில் கணக்கு மாறுகிறது

கீழ்ப்பழனி மலையில் பளியர் குடியிருப்புகள் சிதறிக் கிடக்கின்றன. தேன், கிழங்கு, கடுக்காய் என்று காட்டை நம்பியிருந்தவர்கள் இப்போது பெரும்பாலும் தோட்டக் கூலிகள். தமிழ்நாட்டில் பழங்குடிகள் மொத்த மக்கள்தொகையில் 1.1 சதவீதம் மட்டுமே. மாநில அளவிலான எந்த மாதிரி ஆய்விலும் அவர்கள் கைப்பிடி அளவு வீடுகளாகத்தான் வருவார்கள்.

2023 நவம்பரில் மத்திய அரசு மிகவும் நலிந்த பழங்குடிகளுக்கென ஒரு பெருந்திட்டத்தை அறிவித்தது. வீடு, சாலை, குடிநீர், நடமாடும் மருத்துவ வண்டி எல்லாம் அதில் உண்டு. தமிழ்நாட்டில் அது தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்ற ஆறு சமூகங்களுக்கு. பளியர் அந்தப் பட்டியலில் இல்லை. எழுபதுகளில் தொடங்கிய ஒரு வகைப்பாடு இன்றும் யாருக்குச் சாலை, யாருக்கு இல்லை என்று முடிவுசெய்கிறது. பழங்குடிச் சான்றிதழ் கோட்டாட்சியர் தர வேண்டியது. அதற்கு முந்தைய தலைமுறையின் காகிதம் கேட்பார்கள். காட்டில் வாழ்ந்த தாத்தாவிடம் என்ன காகிதம் இருந்திருக்கும்?

சாலை எட்டாத மலைக் குடியிருப்புகளில் நோயாளியை இன்றும் டோலி கட்டித்தான் தூக்கி வருகிறார்கள். பேறுகாலத்துக்கு முன்பே தாயை வரவழைத்துத் தங்கவைக்கும் காத்திருப்பு அறைகள் தமிழ்நாட்டு மலைப்பகுதிச் சுகாதார நிலையங்களில் ஏற்பட்டது பெரிய முன்னேற்றம். மருத்துவமனைப் பிரசவம் 99 சதவீதத்தைத் தாண்டியதில் அதற்குப் பங்குண்டு. ஆனால் முதியவருக்கு வரும் மூச்சுத்திணறல் தேதி சொல்லிவிட்டு வராது. ரேஷன் கடையிலோ தேய்ந்த விரலைக் கருவி ஏற்காது. ‘விரல் விழல, நாளைக்கு வா’ என்றால் மலைக்காரருக்கு நாளை என்பது இன்னொரு நாள் கூலி. 70 வயது கடந்தவர்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டுபோகும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் வந்தது. வண்டி போகாத ஊர்களுக்கு அது எப்படிப் போகிறது என்பதை வைத்துத்தான் அதை மதிப்பிட வேண்டும்.

முதியோர் ஓய்வூதியத்தையும் சொல்ல வேண்டும். 1962-ல் மாதம் 20 ரூபாயோடு தமிழ்நாடு அதைத் தொடங்கியது. இன்று 1,200 ரூபாய். அதில் 80 வயதுக்கு உட்பட்டவருக்கு மத்திய அரசின் பங்கு வெறும் 200. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக உயரவில்லை. அதுவும் வறுமைக் கோட்டுக்குக் கீழே என்ற பட்டியலில் இருந்தால்தான். முன்னாள் நிதித்துறைச் செயலரும் ஆய்வாளருமான எஸ். குகன் இப்படிப்பட்ட சமூகப் பாதுகாப்புக்காக வாழ்நாளெல்லாம் எழுதினார். 1916-ல் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டரின் மாணவர்கள் ஆராய்ந்த தென்னார்க்காட்டு இருவேல்பட்டுக்கு 1981-ல் அவர் திரும்பப் போனார். அதே ஊர், அதே தெருக்கள், 65 ஆண்டு கழித்து. ஏழ்மை எப்படி மாறுகிறது என்று அறிய அப்படித் திரும்பப் போக வேண்டும். பழனி மலையடிவார ஊர் ஒன்றுக்கும் அப்படித் தொடர்ந்து போகும் வேலையைக் காந்திகிராமப் பல்கலைக்கழகம் எடுத்துக்கொள்ளலாம். கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது.

ஐந்து லட்சம் குடும்பங்கள்

2024 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு, மிக வறிய 5 லட்சம் குடும்பங்களைக் கண்டறிந்து இரண்டு ஆண்டுகளில் வறுமையிலிருந்து மீட்போம் என்று முதலமைச்சரின் தாயுமானவர் திட்டத்தை அறிவித்தது. வீட்டுக்கு ரேஷன் போகும் திட்டத்துக்கும் இதே பெயர்தான். ஆனால் இது வேறு. 2.2 சதவீதம் என்றால் மாநிலத்தில் ஏறத்தாழ 17 லட்சம் பேர். அதைக் குடும்பமாக வகுத்தால் 5 லட்சம் வரும். எண் முதலில் வந்தது, குடும்பங்களைத் தேடுவது பிறகு. தேடும்போது ஆறு லட்சம் கிடைத்தால் ஆறு லட்சத்தையும் ஏற்றுக்கொள்ளும் மனம் வேண்டும்.

கேரளம் இதை முன்பே செய்தது. வார்டு வார்டாக மக்களிடம் கேட்டு 64,006 குடும்பங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித் திட்டம் போட்டார்கள்: ஒருவருக்கு வீடு, ஒருவருக்கு மருந்து, ஒருவருக்கு அடையாள அட்டை. 2025 நவம்பர் 1-ல் அதிதீவிர வறுமை ஒழிந்த மாநிலம் என்று அறிவித்தபோது, எந்த அளவுகோலை வைத்துச் சொல்கிறீர்கள் என்று பொருளாதார அறிஞர்கள் வெளிப்படையாகக் கேட்டார்கள். கேட்டது சரி. ஆனாலும் ஒரு குடும்பத்துக்கு ஒரு திட்டம் என்ற வழி சரியான வழி. அது ஆத்தூர்ச் செவிலியரின் பதிவேட்டுக்கும் கொட்டாம்பட்டித் தராசுக்கும் சொந்தக்கார வழி.

பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2021-ல் நடக்கவில்லை. அடுத்தது 2027-க்குத் தள்ளிப்போனது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் ஒதுக்கீடு இன்றும் 2011 மக்கள்தொகையில் நிற்கிறது. இத்தனை ஆண்டில் பிறந்த பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டார்கள். பழைய பட்டியலை வைத்து ஆளை வெளியே நிறுத்தும் எந்த அலுவலகத்துக்கும் இன்று தார்மீக உரிமை கிடையாது. பட்டியல் புதிதாகும் வரை, சந்தேகம் வந்தால் உள்ளே சேர்ப்பதே விதியாக இருக்க வேண்டும். தகுதியில்லாத பத்துப் பேருக்குக் காப்பீட்டு அட்டை போனால் அரசுக்குக் கொஞ்சம் செலவு. தகுதியுள்ள ஒருவருக்குப் போகாவிட்டால் அந்த வீடு கந்துவட்டிக்குப் போகிறது.

அரசிடம் கேட்பது அதிகமில்லை. தாயுமானவர் குடும்பப் பட்டியலை ஒன்றிய வாரியாக வெளியிடுங்கள். மலைக் குடியிருப்புகளை மாதிரி எடுக்காமல் வீட்டுக்கு வீடு எண்ணுங்கள். எண்ணப் போகிறவர் கையில் சான்றிதழ் கொடுக்கும் அதிகாரத்தையும் கொடுத்தனுப்புங்கள். பேரூராட்சிகளில் விவசாயக் கூலிகளுக்கு வேலை உறுதியைக் கொண்டுவாருங்கள். காப்பீட்டுக்கு வருமான வரம்பை எடுத்துவிடுங்கள். 70 வயது கடந்த எல்லோருக்கும் வருமானம் பாராமல் 5 லட்சம் ரூபாய் காப்பீட்டை மத்திய அரசே 2024 அக்டோபரில் தொடங்கிய பிறகு, மற்றவர்களுக்கும் அதைச் செய்வது நினைக்க முடியாத காரியமல்ல.

வத்தலக்குண்டு ஒன்றியத்திலும் மலை ஊராட்சிகளிலும் இருக்கும் வாசகர்களுக்கு ஒன்று. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். நம் ஊராட்சியில் மிக வறிய குடும்பங்கள் என்று யார் யார் பெயர் இருக்கிறது என்று கேளுங்கள். உங்கள் தெருவில் விடுபட்ட பெயரைச் சொல்லித் தீர்மானத்தில் எழுத வையுங்கள். எழுதிய பிறகு அதன் நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.